தேருநர் இடாப்பும் தெருக்கதவும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் அலுமாரியைத் திறந்தால், நகைப்பெட்டிக்கு அருகே ஒரு கோப்பு இருக்கக் காணலாம். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், கிராம உத்தியோகத்தர் வழங்கிய வதிவிடச் சான்று, தேருநர் இடாப்பிற் குடும்பத்தவர் பெயர் காணப்படும் பக்கத்தின் பிரதி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தித் திருப்பித் தரப்பட்ட பதிவுப் படிவம் ஆகியன அதனுள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அவசரமாக வீட்டைவிட்டு வெளியேற நேரின் குழந்தைகளுக்கு அடுத்தபடியாகக் கையிலெடுக்கப்படுவது அக்கோப்பே. சொந்த நாட்டில், வாடகையோ விலையோ கொடுத்துப் பெற்ற சொந்த வீட்டில், தான் இருப்பதற்குக் காரணம் காட்டவேண்டிய நிலை ஒரு குடிமகனுக்கு எவ்வாறு ஏற்பட்டது?

இவ்வினாவுக்கு வழமையாகக் கிடைக்கும் விடை ஒன்றே: பேரினவாதம். விடை பொய்யானதன்று, ஆயின் பாதி விடையே. இனவாதம் என்பது ஒரு வெறுப்பு. வெறுப்பு மட்டும் ஒருவனை அதிகாலையில் எழுப்பிப் பேருந்தில் ஏற்ற மாட்டாது. அதற்குச் சட்டம் வேண்டும், படிவம் வேண்டும், பட்டியல் வேண்டும், அப்பட்டியலை வைத்திருக்கும் அலுவலகம் வேண்டும். இவற்றையெல்லாம் அவ்வெறுப்பின் கையில் ஒப்படைத்தவர் யாவர் என்ற வினா நமது மேடைகளில் எழுப்பப்படுவதில்லை. அவற்றுட் பலவற்றை மக்களே, நன்மை கருதி, ஆரவாரத்தோடு வாக்களித்து அரசுக்கு வழங்கினர் என்பதே கசப்பான உண்மையாகும்.

தேர்தல் உண்டு, ஆதலாற் சுதந்திரம் உண்டு என்னும் நம்பிக்கை இந்நாட்டுக் கற்றோரிடையே ஆழ வேரோடியது. 1931 முதற் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு, வாக்கினால் அரசாங்கங்களை மாற்றிய நாடு என்ற பெருமிதம் அதற்குத் துணை. அப்பெருமிதத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் தகும். 1970 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 37.9, ஆசனங்கள் 17. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 36.9, ஆசனங்கள் 91. தோழமைக் கட்சிகளுக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்தமை இவ்விகிதத்திற்கு ஒரு காரணம் என்பது மெய்யே. எனினும் ஐக்கிய முன்னணியின் மூன்று கட்சிகளையும் ஒருசேரக் கூட்டினும் வாக்காளரிற் பாதிப்பேரை அவை எட்டவில்லை. அவ்வாறிருந்தும் 151 தொகுதிகளுள் 116 ஐ வென்றதைக் கொண்டு, அவ்வரசாங்கம் 1972 இற் புதிய அரசியலமைப்பை இயற்றியது. அதே மையினால் தனது ஆயுளை 1975 இலிருந்து 1977 வரை நீட்டியும் கொண்டது. ஐந்தாண்டுக்கு வாடகைக்கு வந்தவர் ஏழாண்டு இருந்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் அதனினும் வல்லவர். 1977 யூலையில் நூற்றுக்கு 51 அளவான வாக்குகளுடன் 168 ஆசனங்களுள் 140 ஐப் பெற்ற கட்சி, 1978 இல் தனக்கேற்ற வேறோர் அரசியலமைப்பை வகுத்தது. அதன்படி அப்பாராளுமன்றத்தின் ஆயுள் 1983 ஓகஸ்டில் முடிதல் வேண்டும். முடியவில்லை. 1982 டிசெம்பர் 22 ஆம் நாள், அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கையில், சர்வசன வாக்கெடுப்பொன்று நடத்தப்பட்டது. 'ஆம்' என்போருக்கு விளக்கு. 'இல்லை' என்போருக்குக் குடம். விளக்குக்கு விழுந்த வாக்குகள் 31 இலட்சத்துக்கு மேல், நூற்றுக்கு 54.66. குடத்துக்கு விழுந்தவை 26 இலட்சம். மக்களின் பெரும்பான்மை வாக்கினாலேயே மக்களின் அடுத்த பொதுத் தேர்தல் ஆறு ஆண்டுகளுக்கு இல்லாதொழிக்கப்பட்டது. வாக்கெடுப்பு நேர்மையாக நடந்ததா என்ற விவாதம் இன்றும் உண்டு. அது முக்கியமானதுதான், ஆயினும் அதைவிட முக்கியமானது வேறு. நூற்றுக்கு நூறு நேர்மையாகவே நடந்திருப்பினும், 54 பேர் கூடி 46 பேருடைய உரிமையை மூட்டைகட்டிப் பரணில் வைக்கலாமா? பெரும்பான்மை எதையும் செய்யலாம் எனின், சிறுபான்மைக்கு வாக்குச்சீட்டு எதற்கு? பெரும்பான்மையின் கொடுங்கோன்மை பற்றி யோன் ஸ்டூவர்ட் மில் 1859 இல் எழுதிய நூல் நமது பல்கலைக்கழக நூலகங்களில் நெடுங்காலமாக இருக்கின்றது. பரீட்சைக்கு வாசிக்கப்பட்டது, விளக்கும் குடமும் வந்தபோது எவரும் அதனை நினைத்ததாகத் தெரியவில்லை.

அரசியலமைப்பை விட்டு அடுப்பங்கரைக்கு வருவோம். அரசின் கை வாழ்வில் நுழைவது பாராளுமன்ற வாயிலினூடாக அன்று, கடகத்தினூடாகவும் பையினூடாகவுமே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல், அரிசிப் பங்கீடு வந்தது. போர் 1945 இல் முடிந்தது. பங்கீட்டுப் புத்தகம் முடியவில்லை. கூப்பன் அரிசிக்காக ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தலை, எத்தனை வயது, எந்தக் கடை என்ற விபரம் அரசிடம் சேர்ந்தது. பசித்தவனுக்கு அரிசி கொடுத்தல் தவறென்று எவரும் கூறார். ஆயின் அரிசி கொடுப்பவன் தலை எண்ணுவான் என்பதும், எண்ணிய கணக்கைப் பின்னர் எரித்துவிட மாட்டான் என்பதும் உடன் நினைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

1970 முதல் 1977 வரையான காலத்தைக் கொழும்பில் வாழ்ந்தோர் இன்றும் மறக்கவில்லை. 1970 இல் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டன. கறுப்புப் பணக்காரரைப் பிடிப்பதற்கென்று சொல்லப்பட்டது. நெல்லும் அரிசியும் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லல் கட்டுப்படுத்தப்பட்டது. வீதித் தடைகளிற் பேருந்துகள் மறிக்கப்பட்டுப் பயணிகளின் பைகள் துழாவப்பட்டன. ஊரிலிருந்து பிள்ளைக்கென்று அரிசி கொண்டுவந்த தாய் கள்ளியைப்போற் கையைப் பிசைந்து நின்றாள். பின்னாளில் வெடிகுண்டு தேடப்பட்ட பைகளில் முன்னாளில் அரிசி தேடப்பட்டது. தேடியோரின் சீருடை மாறவில்லை; பையைத் திறந்து காட்டும் பழக்கமும் மக்களுக்குப் புதிதாக இருக்கவில்லை.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்து விவசாயி வாழ்ந்தான் என்று கூறி இதனை மறுப்போர் உளர். உண்மையே. மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டமையால் அவன் தோட்டத்திற் பணம் விளைந்தது, கல்வீடுகள் எழுந்தன. ஆயின் 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அந்த விலை ஒரு பருவத்திற் சரிந்தது. வர்த்தமானி அறிவித்தலால் வந்த வாழ்வு வர்த்தமானி அறிவித்தலாற் போயிற்று. அவன் உழைப்பில் எக்குறையும் இல்லை. அவனது விதி மட்டும் கொழும்பிலே ஒரு மேசையின்மேல் இருந்தது. அதே காலத்தில் வெள்ளவத்தையில் வாழ்ந்த அவனது தமையன் பாணுக்கு வரிசையில் நின்றான் என்பதையும், மிளகாயை எண்ணி வாங்கினான் என்பதையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

1977 இன் பின் வந்தது சுதந்திரப் பொருளாதாரம் என்று பெயர் சூட்டப்பட்டது. துறைமுகம் திறந்தது, வாய் மூடப்பட்டது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கான தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982 இல் நிரந்தரமாயிற்று. 1980 யூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்தனர். 1983 யூலைத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளான 'சற்றடே றிவியூ', 'சுதந்திரன்' ஆகியன முத்திரையிடப்பட்டன. தொலைக்காட்சிப் பெட்டியை இறக்குமதி செய்யலாம், கருத்தை வெளியிடலாகாது என்ற ஏற்பாட்டினைச் சுதந்திரம் என்று அழைத்தமையால், அச்சொல்லே இந்நாட்டில் நற்பெயர் இழந்தது. வணிகச் சுதந்திரத்தைக் கேட்போரெல்லாம் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வாரிசுகள் என்று பேசும் பேராசிரியர்கள் தோன்றியதற்கு அவரே பொறுப்பாவார்.

1983 யூலை 25 பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுள் ஒரு செய்தி மட்டும் இங்கு வேண்டப்படுவது. கும்பல்களின் கையில் தேருநர் இடாப்பு இருந்தது என்பது அன்று உயிர்தப்பியோர் பலர் பதிவுசெய்த சாட்சியம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தமிழர் வீடு எரிய, அடுத்த வீடு எரியாது நின்றது. எது எவர் வீடு என்று தேடித் திரியும் தொல்லை எரித்தோருக்கு இருக்கவில்லை. ஆண்டுதோறும் கிராம சேவகர் கொண்டுவந்த படிவத்தில், வாக்குரிமை போய்விடக்கூடாதே என்ற கவலையுடன், குடும்பத் தலைவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த பெயர்கள் அவை. முன்னைய பாராளுமன்றத்தின் ஆயுள் வழமைப்படி முடிவடையவேண்டியிருந்த நாட்களுக்குச் சரியாகப் பத்து நாள் முன்னர் இது நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு உறைகின்றது. எந்த இடாப்பைக் கொண்டு மக்கள் வாக்களிக்கச் சென்றிருத்தல் வேண்டுமோ, அந்த இடாப்பு வாக்களிப்புக்குத் தேவைப்படவில்லை, வேறொன்றுக்குப் பயன்பட்டது.

ஐரோப்பாவிலும் இப்பாடம் படிக்கப்பட்டதுண்டு. நெதர்லாந்து தன் குடிகளைப் பற்றிய மிகச் சீரான பதிவேடுகளை வைத்திருந்த நாடு. சமயமும் அவற்றுட் குறிக்கப்பட்டிருந்தது. தீய நோக்கம் எதுவும் அதன் பின்னால் இருக்கவில்லை. 1940 இல் ஜேர்மானியர் வந்தனர். யூதரைத் தேடி அவர்கள் அலையவேண்டியிருக்கவில்லை. 1943 மார்ச்சில் எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்ரடாமின் பதிவு அலுவலகத்துக்குத் தீவைத்ததன் காரணம் அதுவே. ஒரு பட்டியல் அதனைத் தொகுத்தவரின் குணத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்வதில்லை.

யூலைக்குப் பின் நடந்தது இன்னும் குறைவாகவே பேசப்படுகின்றது. எரிந்த வீடுகளும் கடைகளும் ஆலைகளும் அவசரகால விதிகளின் கீழ் அரசுக்கு உரித்தாக்கப்பட்டன. அவற்றை நிருவகிக்க ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. தன் வீட்டின் சாம்பலை மீளப் பெறுவதற்கு உரிமையாளன் விண்ணப்பம் எழுதவேண்டியவனானான். சொத்துக்கள் பெரும்பாலும் பின்னர் திருப்பியளிக்கப்பட்டன என்பது மெய். அபகரிப்பைத் தடுப்பதே நோக்கம் என்றும் கூறப்பட்டது. எனினும் காக்கத் தவறியவனே உடைமையாளனாக மாறும் விந்தையைச் சட்டம் அனுமதித்தது என்பது மறுக்கற்பாலதன்று. அக்காலத்து அரசு செய்யாத வேலை எது? பேருந்து ஓட்டியது, சீமெந்து விற்றது, நாளிதழ் அச்சிட்டது, துணி நெய்தது, காப்புறுதி செய்தது. காலி வீதியில் ஒரு கடையின் கண்ணாடியைக் காப்பது மட்டும் அதனால் இயலாதுபோயிற்று. எல்லா வேலையையும் தலையிற் சுமக்கும் அரசு தன் முதல் வேலையை மறப்பது இயல்பு போலும்.

அரசின் கையைக் குறுக்குக என்று கூறின், பாதுகாப்பற்ற சிறுபான்மையோர்க்கு அது தற்கொலை அன்றோ எனக் கேட்பர். காவல் வேண்டாம் என்று எவர் சொன்னார்? உயிரையும் உடைமையையும் உடன்படிக்கையையும் காப்பதற்கே அரசு. அதனை அது செய்க, நன்கு செய்க என்பதே கோரிக்கை. கொழும்புத் தமிழர் 1983 இன் பின் மீண்டெழுந்த வரலாறு அரசின் திட்டம் எதிலும் எழுதப்பட்டதன்று. காலி வீதியின் கடைகளைக் கட்டியவர் வணிகர். மாடிக்குடியிருப்புகளை எழுப்பியது கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பிய பணம். அப்பணத்திற் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது உண்டியல்காரரின் வாய்ச்சொல். கொட்டாஞ்சேனையில் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சீட்டுக் கட்டிய பெண்கள், பதிவாளரும் பிணையாளரும் இன்றி, ஒருவரையொருவர் நம்பிப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். செட்டியார் தெருவிற் பொன்னின் மாற்றை உரைகல்லில் வைத்து ஒரு சொல்லில் வியாபாரம் முடிந்தது. சீட்டுப் பணத்தோடு ஓடியவரும் உண்டு, உண்டியலில் ஏமாந்தவரும் உண்டு, மனிதர் அன்றோ. ஆயினும் ஏமாந்தவன் அடுத்த முறை வேறொருவரிடம் சென்றான். அரசிடம் ஏமாந்தவனுக்கு அந்த வசதி இல்லை.

இலவசக் கல்வியினாற் பல்கலைக்கழகம் புகுந்தோர் இவ்வாறு பேசுதல் நன்றியின்மை என்னும் கண்டனம் வலிமை மிக்கது. அதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது. கன்னங்கராவின் சீர்திருத்தம் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதவின் திறவுகோல் ஒருவரிடமே இருந்தமையால் 1971 இல் நடந்தது என்ன? அவ்வாண்டு மருத்துவபீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400 இற்கு 250 புள்ளி பெறவேண்டும், சிங்கள மொழி மூல மாணவர் 229 பெற்றாற் போதும் என்றாயிற்று. தரப்படுத்தலை எதிர்த்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஒரு தலைமுறைக்குப் போதும். அவற்றுள் மிகப் பல, அளவுகோல் கோணலானது என்றே முறையிட்டன. நாட்டிலுள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வோர் ஆசனமும் ஓர் அமைச்சின் ஒரே அளவுகோலுக்குள் ஏன் அடங்கவேண்டும் என்று கேட்டவை அரிது. ஒரு வாயில் மூடினால் வேறு வாயில் இல்லாத வீட்டிற்குச் சிறைச்சாலை என்று பெயர்.

தமிழ்த் தலைமைகள் இவ்விடயத்திற் குற்றமற்றவை என்று எண்ணுதலும் பேதைமையே. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை இடாப்பிலிருந்து நீக்கின. 1949 இல் அத்திருத்தம் நிறைவேறிய வேளை தமிழ்க் காங்கிரசின் தலைவர் அமைச்சரவையில் வீற்றிருந்தார். 1947 இற் பாராளுமன்றத்தில் இருந்த இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952 இல் ஓர் ஆசனமும் இல்லை. பின்னர் ஆயுதம் ஏந்தியோர் ஆண்ட பகுதிகளில் அரசின் பிழைகள் ஒன்றுவிடாமல் மீண்டும் அரங்கேறின: வெளியே செல்லப் 'பாஸ்', வீட்டுக்கொரு கணக்கு, விரும்பாத வரி. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். துப்பாக்கி தமிழ் பேசியதனால் அவர்களுடைய வீட்டுக் கதவு சற்றும் தாமதமாக உடையவில்லை. அரசு எவருடையது என்ற ஒரே வினாவுக்குள் ஒரு தலைமுறையின் சிந்தனை முழுவதும் முடங்கியது. அது எவ்வளவு பெரியது என்ற வினா கேட்பாரற்றுக் கிடந்தது.

2007 யூன் 7 ஆம் நாள் விடியுமுன்னர் கொழும்பின் தமிழ் விடுதிகளுக்குள் பொலிசார் நுழைந்தனர். மருந்துக்காக வந்தவர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்ற வேறுபாடின்றி, அரசின் கணக்கின்படியே 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். கொழும்பில் இருப்பதற்கு அவர்களிடம் தக்க காரணம் இல்லையாம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களிற் பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். இங்கு நன்றி பாராட்டத்தக்கது எது? அன்று காத்தது வாக்கன்று. வாக்குப் பெற்ற அரசாங்கமே அதனைச் செய்தது. காத்தது அரசினைத் தடுக்கும் ஒரு தாள் ஆணை. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், ஐந்தாண்டுக்குள் வடக்கிலிருந்து மேல்மாகாணம் வந்தோர் யாவரும் பதிவுசெய்ய வருமாறு பணிக்கப்பட்டபோது, வரிசைகள் அமைதியாக நீண்டன. கூப்பன் வரிசையிற் பயின்ற பொறுமை வீண்போகவில்லை.

இவையெல்லாம் போர்க்காலத்துக்கும் தமிழருக்கும் மட்டும் உரியன என்று நிம்மதி கொண்டிருந்த சிங்கள நண்பர்களுக்கு 2021 உம் 2022 உம் வேறு பாடம் புகட்டின. ஒரு கையொப்பத்தால் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது, வயல்கள் பொய்த்தன. டொலர் தீர்ந்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை; பின்னர் ஒவ்வொரு வாகனத்துக்கும் கைப்பேசியிற் கட்டக்குறியீடு. 69 இலட்சம் வாக்குகளுடன் 2019 இல் வந்த சனாதிபதி 2022 யூலையில் நாட்டைவிட்டு வெளியேறினார். கட்சிக்கு ஒரேயோர் ஆசனம் இருந்தவர் பாராளுமன்றத்தில் 134 வாக்குகளாற் சனாதிபதியானார். 2023 மார்ச்சுக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 ஆம் நாளே நடந்தது. 1982 இல் விளக்கைக் காட்டித் தேர்தலை நிறுத்தினர். 2023 இல் வெறும் பணப்பெட்டியைக் காட்டினர்.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறிய அறிவுரையில், சிறு நிலத்து விளைச்சலையும் அறுத்துக் கவளமாக ஊட்டின் யானைக்குப் பல நாளுக்குப் போதும். யானை தானே வயலிற் புகின் உண்பதினும் மிதிபடுவது மிகும். தமிழ்த்துறைகளில் இச்செய்யுள் வரியைப் பற்றியது என்று விளக்கப்படுகின்றது. வயலுக்கு வேலி வேண்டும் என்பது அதனுள் அடங்கவில்லையா? இராஜாஜி தமது எண்பதாம் அகவையில், 1959 இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி அனுமதிப்பத்திர ஆட்சியை எதிர்த்தபோது, நமது மேடைகள் அவரை முதலாளிகளின் முகவர் என்று நகைத்தன. குலக்கல்வி பற்றி அவருடன் பிணங்குவதற்கு நியாயமுண்டு. உரிமமும் அனுமதியும் வழங்குபவன் நாளடைவில் எசமானன் ஆவான் என்ற அவரது எச்சரிக்கைக்கு விடை அளித்தார் எவருமிலர்.

ஆகவே வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டுவோரிடம் வெள்ளவத்தைக் குடும்பத் தலைவர் இனிக் கேட்கவேண்டியது வடிகால் பற்றியோ வேலைவாய்ப்பு பற்றியோ மட்டுமன்று. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் என்றொன்று உண்டு. வீட்டிலுள்ளோர் பட்டியலை வீட்டுக்காரரிடம் கோருவதற்குப் பொலிசார் எடுத்துக்காட்டி வந்தது அதன் 76 ஆம் பிரிவை. பிரித்தானியர் இயற்றியது, சுதந்திரத்தின் பின் வந்த இடதுசாரி, வலதுசாரி அரசாங்கங்கள் எவற்றுக்கும் அதனை நீக்கும் எண்ணம் தோன்றவில்லை. போர் 2009 இல் முடிந்த பின்னரும் அதன் பேரில் வெள்ளவத்தையிற் படிவங்கள் வழங்கப்பட்டன. அப்பிரிவை நீக்க வாக்களிப்பீரா, மாட்டீரா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். வந்தவர் விடையளிக்கும்வரை கதவைப் பாதி திறந்தே வைத்திருக்கலாம்.